பாரிஸில் கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கி கார் து லியோன் ஸ்டேஷனில் ஏற 58 நிமிடம் போதுமா?

சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார்க்க, உங்கள் கேள்வியை முதலில் திருப்பிச் சொல்கிறேன். ஆகஸ்டில் சூரிச்சில் சித்தி வீட்டுக் கல்யாணம். லண்டனிலிருந்து நீங்களும் 71 வயது அம்மாவும், இரண்டு பெரிய சூட்கேஸும். யூரோஸ்டார் ரயில் பாரிஸில் கார் து நோருக்கு வருகிறது, சூரிச் ரயில் கார் து லியோனிலிருந்து வெளிக்கிடுகிறது. இடையில் 58 நிமிடம். டிக்கெட் தளமே இந்த இணைப்பைக் காட்டியது. இரண்டு ஸ்டேஷனுக்கும் இடையே 8 நிமிடம் என்று கைபேசி வரைபடம் சொல்கிறது. போதுமா என்று கேட்கிறீர்கள். போதாது. உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: அந்த ரயிலை விட்டுவிட்டால் அடுத்த டிக்கெட்டின் காசு யார் தலையில்? நேரத்தைவிட அதைப் பற்றித்தான் நான் கூடக் கவலைப்படுவேன்.

கார் து நோருக்குப் பின்னால், நம்மவர்கள் லாசப்பல் என்று சொல்லும் பகுதியில், டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடையொன்றில் 14 வருடம் வேலை செய்தவன் நான். லண்டன் - சுவிஸ் பயணம் எங்கள் கடையின் அன்றாடச் சோறு. கல்யாணம், சாமத்தியவீடு, அந்தியேட்டி என்று யாராவது ஒருவர் இந்த இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில் எப்போதும் நின்றுகொண்டிருப்பார். பிந்தினால் தொலைபேசி எடுப்பது எனக்குத்தான்.

பாரிஸில் எல்லா ரயிலும் வந்து சேரும் ஒரே பெரிய ஸ்டேஷன் என்று ஒன்று கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் வடக்குக்கு ஒரு கம்பெனி, கிழக்குக்கு ஒன்று, லியோன் - மத்தியதரைக் கடல் பக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகத் தண்டவாளம் போட்டு, ஒவ்வொன்றும் தன் திசையில் தனக்கென்று ஒரு முடிவிடத்தைக் கட்டிக்கொண்டது. 1938இல் எல்லாம் ஒரே தேசிய நிறுவனத்துக்குள் வந்துவிட்டன, கட்டடங்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அதனால் வடக்கிலிருந்து வந்து தென்கிழக்குக்குப் போகிறவர் நகரத்தைக் குறுக்கே கடந்தே ஆக வேண்டும்.

உங்கள் மாமா "பக்கத்து ஸ்டேஷன்தான், நடந்தே போகலாம்" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. 2011 டிசம்பர் வரைக்கும் பாசல் வழியாக சூரிச் போகும் ரயில்கள் கார் து லெஸ்டிலிருந்துதான் புறப்பட்டன. அது கார் து நோரிலிருந்து பத்து நிமிட நடை. திஜோன் பக்கமாகப் புது அதிவேகப் பாதை திறந்த பிறகு அந்த ரயில்களை கார் து லியோனுக்கு மாற்றிவிட்டார்கள். மாமா அதற்கு முன்பு போயிருப்பார். பழைய நினைவை நம்பிக் கார் து லெஸ்டுக்குப் பெட்டி இழுத்துப் போய், அங்கே பலகையில் சூரிச்சைத் தேடிக்கொண்டு நின்ற குடும்பங்கள் எனக்குத் தெரிந்து இரண்டு மூன்று இருக்கின்றன.

இனி அந்த 8 நிமிடம். பாரிஸுக்கு அடியால் ஓடும் ஆர்.ஈ.ஆர். ரயிலின் டி லைன் கார் து நோரிலிருந்து சத்தலே, அடுத்தது கார் து லியோன் என்று இரண்டே நிறுத்தத்தில் போய்விடும். ரயில் ஓடும் நேரம் 8 நிமிடம் என்பது சரிதான். ஆனால் யூரோஸ்டார் வண்டி 400 மீட்டர் நீளம். பின்பெட்டியில் இருக்கை விழுந்தால், மேடை முனைக்கு வந்து சேரவே அம்மாவின் நடையில் ஏழெட்டு நிமிடம் போகும். ஒரு ஆறுதல், இறங்கியதும் குடிவரவு வரிசை இல்லை. பிரெஞ்சுப் பொலிஸ் கடவுச்சீட்டைப் பார்ப்பது லண்டன் சேண்ட் பாங்க்ரஸிலேயே முடிந்துவிடும். அடுத்து, ஸ்டேஷனின் மற்றப் பக்கத்துக்கு நடந்து, இரண்டு தளம் கீழே இறங்கி, டிக்கெட் எடுத்து, தடுப்பைக் கடக்க வேண்டும். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம் என்று வையுங்கள். ரயிலுக்குக் காத்திருக்கப் பத்து, ஓட்டத்துக்கு எட்டு. கார் து லியோனில் ஆழத்திலிருந்து மேலே வந்து சரியான மண்டபத்தைக் கண்டுபிடிக்கப் பதினைந்து. கூட்டினால் 53. சூரிச் ரயிலின் கதவு புறப்படுவதற்கு 2 நிமிடம் முன்பே பூட்டிவிடும். மிஞ்சுவது மூன்று நிமிடம். அதுவும் யூரோஸ்டார் சொன்ன நேரத்துக்கு வந்தால்.

இந்தக் கணக்கில் எது உறுதி, எது மாறும் என்று பிரித்துச் சொல்கிறேன். நடக்கும் தூரம், படிகள், கதவு மூடும் நேரம் இவை என்றும் ஒன்றுதான். டிக்கெட் இயந்திரத்தில் எவ்வளவு கூட்டம், டி லைன் அன்று எப்படி ஓடுகிறது, யூரோஸ்டார் எத்தனை நிமிடம் பிந்தும் என்ற மூன்றையும் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 58 நிமிடத்தில் கடந்தவர்கள் ஏராளம். தனி ஆள், முதுகில் ஒரு பை, பாரிஸ் பழக்கம் என்றால் நானே 35 நிமிடத்தில் போய்விடுவேன். 71 வயது அம்மாவோடும் இரண்டு சூட்கேஸோடும் என்றால் குறைந்தது ஒன்றரை மணி நேரம் வையுங்கள். நான் போட்டுக் கொடுப்பதென்றால் இரண்டு மணி நேரம் விட்டுத்தான் போடுவேன். சூரிச்சுக்கு நேரடி ரயில் ஒரு நாளைக்கு ஐந்தாறுதான், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. எனவே நீங்கள் செய்ய வேண்டியது அதே நாளில் அதற்கு அடுத்த ரயிலை எடுப்பது. ஒன்று மட்டும்: அன்றைய கடைசி ரயிலுக்கு ஒருபோதும் இணைப்புப் போடாதீர்கள். அதை விட்டால் பாரிஸில் அறை எடுக்க வேண்டி வரும், கோடையில் அந்தக் காசுக்கு இன்னொரு டிக்கெட்டே வாங்கிவிடலாம்.

டிக்கெட் இயந்திரம் பற்றி ஒரு கதை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது என்றால் மன்னிக்கலாம், ஆனால் நடந்தது நன்றாக அனுபவம் வந்த பிறகு. ஒரு தாய்க்கும் மகனுக்கும் 70 நிமிட இணைப்பில் டிக்கெட் போட்டுக் கொடுத்து, "மெத்ரோவுக்கு என்னுடைய கார்டை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு டிக்கெட் ஏற்றியிருக்கிறேன்" என்று நவிகோ ஈசி அட்டை ஒன்றையும் கையில் கொடுத்தேன். தம்பி தடுப்பில் அட்டையைத் தொட்டு முதலில் அம்மாவை அனுப்பினான். அம்மா அந்தப் பக்கம் போனார், கதவு மூடிக்கொண்டது. மறுபடி தொட்டான், சிவப்பு விளக்கு. அம்மா உள்ளே, மகனும் சூட்கேஸ்களும் வெளியே. பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது அந்த மனுசிக்கு. கதவைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். தம்பி எனக்குத் தொலைபேசி எடுத்தபோது அந்த அழுகைதான் முதலில் கேட்டது. ஒரு அட்டையில் பத்து டிக்கெட் ஏற்றலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஆள்தான் அதில் போகலாம். அது எனக்குத் தெரியாததல்ல, அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. உதவிக்கு ஆள் வந்து அகலக் கதவைத் திறந்துவிட்டபோது அவர்கள் ரயில் போய்விட்டது. புது டிக்கெட்டின் காசை நான்தான் கொடுத்தேன்.

ஆகவே ஆளுக்கொரு அட்டை. அட்டை 2 யூரோ, ஒரு பயணம் 2025 ஜனவரியிலிருந்து 2.50 யூரோ, அதற்குப் பிறகு சில சென்ட் ஏற்றம் இருக்கும். உங்கள் கைபேசியில் டிக்கெட் ஏற்றினால் அது உங்களுக்கு மட்டும்; அம்மாவுக்கு அட்டை தனியாக வேண்டும். கடந்துவிட்டதும் அட்டையைப் பைக்குள் ஆழமாகப் போட்டுவிடாதீர்கள், கார் து லியோனில் வெளியே வரவும் அதைத் தொட வேண்டும். சூட்கேஸோடு போகிறவர்கள் ஒடுங்கிய தடுப்பைவிட்டு அகலக் கதவுக்குப் போங்கள்.

கீழே மேடையில் பி லைனும் டி லைனும் ஒன்றாக ஓடும். கார் து லியோனுக்குப் போவது பச்சை நிற டி மட்டும். நீல நிற பி அங்கே போகாது. அவசரத்தில் வந்த ரயிலில் ஏறி, அது பி என்று பிறகு கண்டால் பதறாதீர்கள், அடுத்த நிறுத்தமான சத்தலேயில் இறங்கி சிவப்பு நிற ஏ லைனில் ஒரு நிறுத்தம் போனால் கார் து லியோன் வந்துவிடும். பலரும் இதையே மாற்று வழியாகச் சொல்வார்கள்: "டி ஓடாவிட்டால் பி-யில் போய் ஏ-க்கு மாறுங்கள்." இதை நான் அவ்வளவாக ஏற்க மாட்டேன். கார் து நோருக்கும் சத்தலேக்கும் நடுவில் பி, டி இரண்டும் ஒரே சுரங்கப்பாதையைப் பங்குபோடுகின்றன. உள்ளே ஒரு வண்டி நின்றால் இரண்டு லைனும் நின்றுவிடும். டி குழம்பின நாளில் பி-யும் பெரும்பாலும் குழம்பித்தான் இருக்கும். தனிச் சுரங்கத்தில் ஓடும் மெத்ரோதான் உண்மையான மாற்று: 5ஆம் லைனில் பிளாஸ் தித்தாலி திசையில் ஏழு நிறுத்தம், பஸ்தீயில் இறங்கி 1ஆம் லைனில் ஒரு நிறுத்தம். பஸ்தீயில் மாறும்போது படிகள் இருக்கின்றன, சூட்கேஸைத் தூக்க வேண்டும். உங்கள் நிலைமைக்கு அது ஒத்துவராது.

உங்களுக்கு நான் சொல்வது டாக்ஸி. தூரம் 5 கிலோமீட்டருக்கும் குறைவு, 20 யூரோ அங்கே இங்கே வரும், தெருவைப் பொறுத்து 20 முதல் 30 நிமிடம். ஆகஸ்டில் பாரிஸ்காரர்கள் பாதிப் பேர் விடுமுறையில் போய்விடுவதால் தெரு கொஞ்சம் இளகும். ஸ்டேஷனுக்குள்ளேயே "டாக்ஸி, டாக்ஸி" என்று கிசுகிசுத்துக்கொண்டு பெட்டியில் கைவைக்க வருபவர்களோடு கதைக்கவே வேண்டாம். நம் முகத்தைப் பார்த்து "வணக்கம்" என்று தமிழிலேயே தொடங்குகிறவனும் உண்டு. உண்மையான பாரிஸ் டாக்ஸிக்குக் கூரையில் விளக்குப் பலகை இருக்கும், பச்சை என்றால் காலி, சிவப்பு என்றால் ஆள் இருக்கிறது. உத்தியோகபூர்வ வரிசையில் நின்று ஏறுங்கள். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி உதவி கேட்டிருப்பதாகச் சொன்னீர்கள், நல்லது, குறைந்தது இரண்டு நாளுக்கு முன்பே இரண்டு ரயிலுக்கும் தனித்தனியாகப் பதியுங்கள். ஆனால் அந்த உதவி ஸ்டேஷனுக்குள் மட்டும்தான். நகரத்தைக் கடத்தி விடுவது உங்கள் பொறுப்பு.

கார் து லியோனில் இரண்டு பெரிய மண்டபம். ஒன்றில் மேடைகளுக்கு எழுத்து, ஏ முதல் என் வரை. மற்றதில் எண், 5 முதல் 23 வரை. பெரிய மணிக்கூட்டுக் கோபுரம் எழுத்து மண்டபத்தின் பக்கம். எந்த மேடை என்பது புறப்படுவதற்கு ஏறத்தாழ 20 நிமிடம் முன்புதான் பலகையில் விழும். அதுவரை அம்மாவை நடுவில் எங்காவது உட்கார வைத்துவிட்டு நீங்கள் பலகையைப் பாருங்கள். தப்பான மண்டபத்தில் நின்றால், ஒன்றிலிருந்து மற்றதுக்கு நடக்கவே ஐந்து நிமிடம் வேண்டும்.

சரி, காசு விஷயம். யூரோஸ்டார் டிக்கெட்டும் சூரிச் டிக்கெட்டும் ஒரே தளத்தில், ஒரே கொடுப்பனவில் வாங்கினாலும் அவை இரண்டு தனி ஒப்பந்தமாக இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணிகள் உரிமைச் சட்டம் 2023 ஜூனிலிருந்து புதிதாக நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, தானாக டிக்கெட்டுகளைச் சேர்த்து விற்கும் இடைத்தரகர் "இவை தனித்தனி ஒப்பந்தங்கள்" என்று வாங்குவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விற்று, இணைப்புத் தவறினால், முழுக் காசையும் திருப்பித் தந்து மேலே 75 சதவீத நட்டஈடும் தர வேண்டும். அதனால்தான் அநேகமாக எல்லாத் தளமும் அந்த வசனத்தைச் சின்ன எழுத்தில் எங்காவது போட்டுவிடும். நீங்கள் காசு கட்டும் பக்கத்தை ஒருமுறை ஆறுதலாக வாசியுங்கள், அதைப் படம் எடுத்தும் வையுங்கள். தனி ஒப்பந்தம் என்று போட்டிருந்தால், யூரோஸ்டார் பிந்தியதற்காகச் சூரிச் ரயில்காரர் உங்களை அடுத்த ரயிலில் ஏற்ற வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை.

சட்டத்தில் இல்லாவிட்டாலும் வழக்கத்தில் உண்டு. ஐரோப்பிய ரயில் நிறுவனங்கள் தங்களுக்குள் ஒரு உடன்பாடு வைத்திருக்கின்றன, சுருக்கமாக ஏ.ஜே.சி. என்பார்கள். சர்வதேசப் பயணத்தில் முதல் ரயில் பிந்தி இரண்டாவது தவறினால், இடமிருந்தால் அதே நிறுவனத்தின் அடுத்த ரயிலில் மேலதிகக் காசில்லாமல் ஏற்றுவது. யூரோஸ்டாரும் பிரெஞ்சு, சுவிஸ் ரயில்களும் அதில் இருக்கின்றன. இது சலுகை, உரிமை அல்ல. இணைப்புக்கு நியாயமான நேரம் விட்டிருந்தீர்களா என்று பார்ப்பார்கள். அந்த இடத்தில் உங்கள் 58 நிமிடம் உங்களுக்கு எதிராகவே பேசும், இரண்டு மணி நேரம் உங்களுக்காகப் பேசும். யூரோஸ்டாரில் இருக்கும்போதே, அல்லது இறங்கியதும், வண்டி பிந்தியதை ஊழியரிடம் எழுத்தில் வாங்குங்கள். அதோடு கார் து லியோன் டிக்கெட் அலுவலகத்துக்குப் போங்கள். ரயிலில் நேராக ஏறிவிட்டுப் பிறகு விளக்கம் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள், இந்த ரயில்களில் இருக்கைப் பதிவு கட்டாயம்.

கடக்கவே வேண்டாம் என்றால் ஒரு சுற்றுவழி இருக்கிறது. கார் து நோரிலிருந்து கார் து லெஸ்டுக்கு நடந்து, ஸ்ட்ராஸ்பூருக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான ரயில், அங்கிருந்து பாசலுக்குப் பிராந்திய ரயிலில் ஒன்றேகால் மணி சொச்சம், பாசலிலிருந்து சூரிச் ஒரு மணி நேரம். கார் து நோருக்கும் கார் து லெஸ்டுக்கும் நடுவில் குறுக்கு வழியாக ஒரு படிக்கட்டு உண்டு, பெட்டியோடு அதில் இறங்காமல் பெரிய தெரு வழியாகச் சுற்றுங்கள். பாரிஸை இலகுவாகக் கடக்கலாம், ஆனால் இன்னும் இரண்டு இடத்தில் மாற வேண்டும். அம்மாவோடு என்றால் ஒரே ஒரு டாக்ஸிதான் நல்லது.

திரும்பி வரும் பயணத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதில்தான் கூடுதலான ஆட்கள் மாட்டுகிறார்கள். கார் து நோரில் யூரோஸ்டாருக்கு மேல்தளத்துக்குப் போக வேண்டும். அங்கே பிரான்ஸை விட்டு வெளியேறும் சோதனை, பிரித்தானியக் குடிவரவு, பெட்டி ஸ்கேன் மூன்றும் உண்டு. புறப்படுவதற்கு அரை மணி முன்பு கதவு பூட்டு. 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவுமுறையில் ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர்களிடம் கைரேகையும் படமும் எடுக்கிறார்கள், அதனால் வரிசை இன்னும் மெதுவாக நகரும். சூரிச்சிலிருந்து வரும் ரயிலுக்கும் யூரோஸ்டாருக்கும் நடுவில் மூன்று மணி நேரம் விடுங்கள்.

பிரான்ஸில் வேலைநிறுத்தம் என்றால் பயப்படுகிறீர்கள். பெரிய வேலைநிறுத்தங்கள் சொல்லாமல் வராது. எந்த ரயில் ஓடும், எது ஓடாது என்ற பட்டியல் முதல்நாள் மாலையில் வந்துவிடும். பயணத்துக்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்குக் கைபேசியில் ஒருமுறை பாருங்கள், போதும்.

கடைசியாக, அம்மா சித்திக்குக் கொண்டுபோகும் நெய்ப்போத்தல். பிரித்தானியாவிலிருந்து இறைச்சியும் பால் சார்ந்த பொருட்களும் ஒன்றியத்துக்குள் கொண்டுவர 2021இலிருந்து தடை. நெய்யும் அதற்குள் அடங்கும். முறுக்கு, பயற்றம் பணியாரம் எல்லாம் கொண்டுபோகலாம், பயற்றம் பணியாரத்தை மட்டும் கையில் வைத்திருங்கள், சூட்கேஸுக்குள் நொறுங்கிவிடும். இரண்டு மணி நேரம் விட்டிருந்தால் அம்மாவைப் பெட்டிகளோடு கார் து நோரில் ஒரு கோப்பிக் கடையில் இருத்திவிட்டு, நீங்கள் பின்பக்கமாக லாசப்பலுக்கு நடந்து நெய்யை அங்கே வாங்கிக்கொண்டு வாருங்கள், போக வர இருபது நிமிடம். அம்மாவையும் கூட்டிப் போக வேண்டாம். போனால் சேலைக் கடைக்குள் ஏறிவிடுவார், பிறகு அதற்கு அடுத்த ரயில்தான்.